இருபது கிலோ சீனி

அந்த மனிதர் கிளாஸைக் கீழே வைத்தார். ஒரே ஒரு வாய்தான் குடித்திருந்தார். கைக்குட்டையால் உதட்டை ஒற்றிக்கொண்டு, பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்து இரண்டு மடக்கு குடித்தார். பிறகு எங்கள் மூன்று பேரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார்.

"என்னங்க ஆச்சு?"

அவர் கொடைக்கானலில் ஓர் ஓட்டலின் மேனேஜர். பெயர் வேண்டாம். நாங்கள் மூன்று பேர் என்றால் என் அண்ணன் சவரிமுத்து, அண்ணன் மனைவி லூர்து மதினி, நான். சிறுமலை அடிவாரத்தில் இருந்த எங்கள் திராட்சைத் தோட்டத்தில், பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். மதினி மட்டும் நின்றுகொண்டிருந்தார். சித்திரை வெயில் இலைகளின் ஊடே புகுந்து மேஜை மேல் பொட்டுப் பொட்டாக விழுந்திருந்தது.

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று முந்தின நாளே நானும் அண்ணனும் பேசி முடித்திருந்தோம். அதனால் நான் கவலைப்படாமல் அண்ணனைப் பார்த்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி கணக்குல தப்புப் பண்ணிருச்சு சார். பள்ளிக்கூடத்து லேப்ல படிச்ச படிப்புத்தான. பெருசா ஆசப்பட்டுருச்சு, விடுங்க."

இந்தத் தொடரில் நான் எல்லாரையும் நல்லவர்களாகவே காட்டுகிறேன் என்று வேடசந்தூரிலிருந்து ஒரு வாசகி குறைப்பட்டுக் கடிதம் எழுதியிருந்தார். அம்மா, இந்த வாரம் உங்கள் குறை தீரும்.

பந்தலா, பிளாட்டா

ஒன்றரை ஏக்கர். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, எங்கள் அப்பா வைத்த பன்னீர் திராட்சை. அப்பா காலமானபின் தோட்டம் அண்ணன் கைக்கு வந்தது. நான் சாணார்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. திண்டுக்கல்லில் குடியிருந்தேன். லீவு விட்டால் தோட்டத்துக்கு ஓடிவிடுவேன்.

பன்னீர் திராட்சையை வைத்துப் பிழைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. பழுக்கிற நேரத்தில் ஒரு மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். வெடித்த பழத்தை வியாபாரி தொடமாட்டார். ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குப் போகிற லாரிக்காகப் பெட்டி பெட்டியாகப் பழத்தை அடுக்கி வைத்துவிட்டு, லாரி வராமல் அண்ணன் ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். நியாயமாகச் சொல்லவேண்டும். அந்த மனிதர் அந்தத் தோட்டத்துக்காக உழைத்தார்.

சுற்றிலும் இருந்த காடு கழனிகளில் கலர் கலராகக் கொடி நட்டு பிளாட் போட்டுக்கொண்டிருந்தார்கள். தரகர்கள் அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் நான் சொன்னேன், வைன் போடலாம் என்று. பழம் வெடித்தால் என்ன, நசுங்கினால் என்ன, எப்படியும் நசுக்கத்தானே போகிறோம். அண்ணன் முதலில் சிரித்தார். பிறகு, எனக்கே ஆச்சரியமாக, லைசென்ஸுக்கு அலைய ஆரம்பித்தார். ஆபீஸ் ஆபீஸாக அவர் ஏறி இறங்கியதை நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். லைசென்ஸ் அவர் பெயரில் வந்தது. வைன் போடுவது என் பொறுப்பு.

"ஒரு வருசம், ஒரு டேங்க்" என்றார் அண்ணன். "வாங்குற ஆளு வந்து ருசி பாத்து, வேணும்னு சொன்னாகன்னா தோட்டம் இருக்கட்டும். இல்லேன்னா பிளாட்டு. அதுக்கு மேல என்னைய எதுவும் கேக்காத."

நான் சரி என்றேன். அந்த ஒரு டேங்க் வைனை நம்பித்தான் முந்நூற்றுச் சொச்சம் கொடிகளும் நின்றன.

கிறிஸ்மஸ் ஜாடி

கொஞ்சம் விலகிப் போகிறேன். இது தெரியாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் வைன் என்றால் அது கிறிஸ்மஸ் வைன். ஊறுகாய் போடுகிற பீங்கான் ஜாடியில் திராட்சையைப் பிசைந்து போட்டு, பழத்துக்குச் சமமாகச் சீனி கொட்டி, பட்டை, கிராம்பு, ஒரு கை கோதுமை சேர்த்துத் துணி கட்டி மூடிவைப்பார்கள். பண்டிகையன்று சின்ன எவர்சில்வர் டம்ளரில் கேக்குடன் வரும். நாக்கில் பட்டால் ஒட்டிக்கொள்ளும், பாகுதான். அதைக் குடித்துவிட்டு, "ஆகா, இந்த வருசம் நல்லா வந்திருக்கு" என்று சொல்லிக்கொள்வோம்.

இன்னொன்று. வீடு தேடி வருகிறவருக்கு இனிப்பில்லாத ஒன்றைக் கொடுக்க எங்கள் ஆட்களுக்குக் கை வராது. சர்க்கரை வியாதிக்காரர் வந்து, "வேணாம், வேணாம்" என்று கும்பிட்டாலும், "அரைச் சீனிதான் போட்டிருக்கு, குடிங்க" என்று திணிப்பார்கள். கொலைகாரப் பாசம்.

நான் போட்டது அப்படிப்பட்ட வைன் இல்லை. பழத்தில் இருக்கிற இனிப்பு முழுவதும் நொதித்துத் தீர்ந்துபோன சிவப்பு வைன். பொங்கல் லீவில் தோட்டத்திலேயே தங்கினேன். பழத்தை நசுக்கித் தோலோடு டேங்கில் விட்டால் இரண்டாம் நாளே தோலெல்லாம் மேலே மிதந்து வந்து அடை மாதிரி கட்டிக்கொள்ளும். காலையிலும் மாலையிலும் ஏணியில் ஏறி, மரத்துடுப்பால் அதை உள்ளே அமுக்கவேண்டும். அமுக்கும்போது புஸ்ஸென்று முகத்தில் ஆவி அடிக்கும். ரோஜாவும் ஈர மண்ணும் கலந்த வாசனை. விரல் நகமெல்லாம் நாவல்பழ நிறம். லீவு முடிந்து வகுப்புக்குப் போனபோது பிளஸ் டூ பிள்ளைகள் என் கையைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதத்தில் அது தெளிந்துவிட்டது. ஒரு மாலையில் அண்ணனுக்கு அரை கிளாஸ் கொடுத்தேன். விளக்கெண்ணெய் குடித்ததுபோல் அவர் முகம் சுருங்கியது.

"ஏத்தா, கெட்டுப்போச்சே இது!"

கெடவில்லை, இப்படித்தான் இருக்கவேண்டும், ருசி பார்க்க வருவதாகச் சொன்ன கொடைக்கானல் மேனேஜரின் ஓட்டலில் தங்குகிறவர்கள் இதைத்தான் கேட்பார்கள் என்று விளக்கினேன். நொதிக்க வைக்கிற ஈஸ்ட் இன்னும் சாகவில்லை, தின்ன ஒன்றுமில்லாமல் சும்மா இருக்கிறது என்றும் சொன்னேன். மறுபடியும் தீனி கிடைத்தால் எழுந்துகொள்ளும் என்று, பாடம் நடத்துகிற மாதிரி, இரண்டு தடவை சொன்னேன். அண்ணன் தலையை ஆட்டினார். கடைசி பெஞ்சில் தலையை ஆட்டுகிற பிள்ளைகளை முப்பது வருஷமாகப் பார்த்த எனக்கு அன்றைக்கு அது தெரியாமல் போய்விட்டது.

டப்

பங்குனியில் பொதுத்தேர்வு. எனக்கு வெளியூர்ப் பள்ளியில் தேர்வு டூட்டி. அசைய முடியாது. அண்ணன் போன் போட்டார்.

"நீ கெட, பரீட்சையப் பாரு. நானும் உன் மதினியும் பாட்டில்ல ஊத்திர்றோம். ஊத்தி மூடுறதுல என்ன இருக்கு?"

எவ்வளவு நல்ல அண்ணன் என்று நினைத்தேன். கார்க் வாங்க எங்களுக்கு வசதியில்லை. சோடா பாட்டிலுக்குப் போடுகிற தகர மூடிதான். கை மெஷினில் வைத்து அழுத்தினால் இறுகிக்கொள்ளும். எண்ணூறு பாட்டில்களை மூடி, தகரக் கொட்டகையில் அடுக்கிப் போட்டோவும் அனுப்பினார். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டினேன்.

சித்திரை பிறந்து வெயில் ஏறியது. ஒரு நாள் மத்தியானம் கொட்டகையில் டப் என்று சத்தம். மலைக்குரங்குதான் தகரத்தில் குதிக்கிறது என்று அண்ணன் கம்பை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கதவைத் திறந்தால் குரங்கைக் காணோம். சுவரெல்லாம் சிவப்பு. அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே இரண்டாவது பாட்டில் வெடித்து, கண்ணாடிச் சில்லு அவர் கால் பக்கத்தில் வந்து விழுந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது தரையில் கால் வைக்க இடமில்லை. மறுநாளும் வெடித்தது. கடைசியில், நனைத்த கோணிச் சாக்கைப் போர்த்தி, மிச்சமிருந்ததை ஒவ்வொன்றாகத் திறந்து காற்றை விட்டோம். அதற்குள் எங்கள் பெரியப்பா மகன் ஒருவன், கொட்டகைச் சுவரைப் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'டீச்சரம்மா பாம்' என்று போட்டுவிட்டான். அதற்குக் கீழே இருபது சிரிப்புப் பொம்மைகள். அதில் ஒன்று என் சொந்தச் சித்தி போட்டது.

எறும்பு

ஒரு பாட்டிலைத் திறந்து வாயில் வைத்தேன். சோடா மாதிரி நுரைத்தது. இனித்தது.

நேரே டேங்குக்குப் போனேன். கழுவிவிட்டார்கள்தான். ஆனால் மேல் மூடியின் விளிம்பிலிருந்து ஏணி வழியாகத் தரைக்கும், தரையிலிருந்து சமையல்கட்டுப் பின்வாசலுக்கும் எறும்பு வரிசை போட்டிருந்தது. அந்த வரிசையோடு நானும் நடந்தேன். பின்வாசலில் ஒரு காலிச் சாக்கு மடித்துக் கிடந்தது.

"யாருண்ணே சீனி போட்டது?"

"என்ன சீனி?"

சாக்கைத் தூக்கிக் காட்டினேன்.

"நல்லதுக்குத்தானத்தா போட்டேன். அம்புட்டு தூரம் மலையிலருந்து எறங்கி வாரவருக்கு அந்தப் புளிச்ச தண்ணியவா குடுக்கிறது? அவரு மூஞ்சியச் சுளிச்சுட்டா உன் தோட்டம் போயிரும்லன்னுதான். இருவது கிலோ. உன் மதினி அண்டாவுல கரைச்சுக் குடுத்தா, நான் ஊத்துனேன்."

தலையில் அடித்துக்கொண்டேன். கத்தினேன். பிறகு, என்ன செய்வது, சிரிப்பும் வந்துவிட்டது. விருந்தாளி முகம் சுளிக்கக்கூடாது என்று ஒரு டேங்க் வைனில் ஒரு சாக்குச் சீனியைக் கொட்டுகிற ஆளை என்னவென்று திட்டுவது?

"நாளைக்கு மேனேஜர் வந்தா உள்ளதச் சொல்லிருவோம்ணே. வைன் நல்லாத்தான் வந்துச்சு, தெரியாம சீனி போட்டுட்டோம்னு."

"ம். நானே சொல்லிர்றேன்" என்றார் அண்ணன்.

நானே சொல்லிவிடுகிறேன் என்றார். இந்த வார்த்தையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடியும் பந்தலுக்குக் கீழே

"தங்கச்சி கணக்குல தப்புப் பண்ணிருச்சு சார்" என்று அண்ணன் சொல்லிமுடித்ததும் மேனேஜர் என் பக்கம் திரும்பினார். கெட்ட மனிதர் இல்லை. சங்கடத்தோடுதான் பேசினார்.

"பழம் தப்புன்னா அடுத்த பழத்தப் பாக்கலாம்மா. போடுற கையே தப்புன்னா நான் எதை நம்பி வாங்குறது?"

எனக்குக் காது மடல் கொதித்தது.

"நான் தப்புப் பண்ணலை சார். பாட்டில்ல ஊத்தும்போது அண்ணன் இருபது கிலோ சீனி கலந்துட்டாரு. நேத்து அவரே எங்கிட்டச் சொன்னாரு."

அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"பாத்தீகளா சார்? தோத்துப்போனா யாரு மேலயாச்சும் போடணும்ல. சின்னப் பிள்ளையிலருந்தே இப்படித்தான்."

மேனேஜர் தரையைப் பார்த்துப் புன்னகைத்தார். குடும்பச் சண்டைக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் சிரிக்கிற சிரிப்பு. கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அத்தனை வருஷம் வகுப்பில் நின்று பேசியவள் நான். அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மதினி ஓரடி முன்னால் வந்தார்.

மதினிக்கு ஊர் நெய்க்காரப்பட்டி. கல்யாணமாகி வந்து இருபத்தைந்து வருஷம் ஆகியும் அந்த ஊர்க் கொங்குப் பேச்சு மாறவில்லை; என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அவருக்கும் அதுவரை ஒத்துப்போனதே இல்லை. படித்த திமிர் என்று அவர் என்னைச் சொல்வார். வாயில்லாப் பூச்சி என்று நான் அவரைச் சொல்வேன். நான் சொன்னது எவ்வளவு தப்பு என்று அன்றைக்குத் தெரிந்தது.

"நாந்தானுங்க கரைச்சேன்" என்றார் மதினி, மேனேஜரைப் பார்த்து. "அண்டாவுல, சுடுதண்ணியில. இவரு ஏணியில ஏறி ஊத்துனாருங்க. அம்மிணிக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா எங்க ரெண்டு பேரையும் அன்னைக்கே தொரத்தி விட்டிருப்பாங்க."

அண்ணன் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

மேனேஜர் மறுபடியும் உட்கார்ந்தார். சீனி போடுவதற்கு முன்னால் வைன் எப்படி இருந்தது, டேங்கில் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் தெளிந்தது.

"அப்ப வைன்ல குறை இல்லையே. அடுத்த அறுப்புக்குச் சொல்லுங்க, நானே வாரேன்." எழுந்து நின்று, விளையாட்டாக ஒன்றைச் சொன்னார். "ஆனா ஒண்ணு. டேங்குக்கு ஒரு பூட்டப் போட்டு சாவிய டீச்சர்கிட்ட குடுத்துருங்க. திண்டுக்கல்லுல பூட்டுக்கா பஞ்சம்?"

நான் சிரித்துவிட்டேன். மதினிகூடச் சிரித்தார். அண்ணன் மேனேஜரைக் கார் வரை கூட்டிக்கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிட்டுக் கும்பிட்டு அனுப்பினார். தோட்டம் பிழைத்துவிட்டது என்று நினைத்தேன். திண்டுக்கல் போய் இறங்குகிற வரைக்கும் பஸ்ஸில் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாலு நாள்

"என் தோட்டத்துல எனக்கே பூட்டா?" என்று அன்று சாயங்காலம் அண்ணன் மூன்று தடவை கேட்டாராம். மதினி சொன்னார். நாலைந்து நாள் கழித்து மதினியின் போன் வந்தது.

"அம்மிணி, இவரு நேத்துலருந்து கொடிய அறுக்கறாருங்க. வந்து கேளுங்க."

நான் போனபோது கிழக்குப் பக்கம் மூன்று வரிசை வெயிலாகிவிட்டிருந்தது. அண்ணன் கையில் ரம்பம். கூலிக்கு ஆளில்லை, ஜேசிபி இல்லை, அவரேதான். கவாத்து முடிந்து துளிர்த்த கொடிகள் அப்போதுதான் பூ வைத்திருந்தன. அறுத்த அடிக்கட்டைகளில் நீர் ஊறி நின்றது. திராட்சைக்கொடியை அறுத்தால் அப்படித்தான் ஊறும். அண்ணன் முழங்கையெல்லாம் நனைந்திருந்தது.

"அண்ணே, அந்த ஆளு வாரேன்னு சொல்லிட்டாருண்ணே. நம்ம நெனச்சது நடந்துருச்சு. ஏண்ணே இப்படி?"

அண்ணன் குனிந்து அறுத்துக்கொண்டே இருந்தார்.

"சாவி எனக்கு வேணாம். நீங்களே வச்சுக்கங்க."

ரம்பம் நிற்கவில்லை. அடுத்துச் சொன்னதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

"அவருக்குப் போன் போட்டுக் குடுங்கண்ணே. நான்தான் தப்புப் பண்ணேன், மதினி எனக்காகப் பொய் சொன்னாகன்னு சொல்லிர்றேன். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிர்றேன். கொடிய விட்ருங்க."

ரம்பம் நின்றது. அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒரு நிமிஷம் இருக்கும். பிறகு அடுத்த கொடிக்கு நகர்ந்தார்.

அறுத்து முடிக்க நாலு நாள் ஆனது. கோபத்தில் கண்மண் தெரியாமல் செய்துவிட்டார் என்று உறவுக்காரர்கள் சொல்கிறார்கள். மத்தியானமானால் வீட்டுக்கு வந்து கை கழுவிச் சாப்பிட்டு, செத்த நேரம் தூங்கி எழுந்து, மறுபடியும் போய் அறுத்திருக்கிறார். கண்மண் தெரியாத கோபத்துக்குப் பசியும் தூக்கமும் எங்கிருந்து வரும்? முந்நூற்றுச் சொச்சம் கொடி. ஒவ்வொரு கொடியிலும் அவர் நிறுத்தியிருக்கலாம்.

இப்போது அங்கே பிளாட் கற்கள் நிற்கின்றன. அண்ணன் மதினியோடு நேரடியாகப் பேசுவதில்லை. சோறு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்கிறாராம். "நான் பேசாம இருந்திருந்தா கொடியாச்சும் இருந்திருக்குமாங்க அம்மிணி?" என்று மதினி ஒரு நாள் போனில் கேட்டார். இருந்திருக்காது மதினி, மேனேஜர் போயிருப்பார், பின்னாலேயே தரகர் வந்திருப்பார் என்றேன். அவருக்கு ஆறுதலாக இருந்ததோ என்னவோ, போனை வைத்துவிட்டார்.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் அண்ணன் மாப்பிள்ளை வீட்டாரிடம் பேசிக்கொண்டிருந்தார். "என் தங்கச்சி வைன் போடுறேன்னு வெடிக்க விட்டுருச்சு, அதுலதான் தோட்டமே போச்சு" என்றார். நான் இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன். அவருக்கும் அது தெரியும். அதனால்தான் இந்த அத்தியாயத்தை அண்ணன் பெயரை மறைக்காமல் எழுதுகிறேன்.

அண்ணே, இந்தப் பத்திரிகை உங்கள் வீட்டுக்கு வருகிறது, நீங்கள் படிப்பீர்கள். சீனி போட்டதற்கு எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. கொடிகளை அறுத்ததற்குக் கோபம் இருக்கிறது, நான் சாகும்வரை இருக்கும். அதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருக்கிறது. அந்த மனிதர் என்ன ஆச்சு என்று கேட்டபோது, 'நான்தான்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார், பூட்டுப் பேச்சே வந்திருக்காது, தோட்டம் இருந்திருக்கும். மதினி சொல்லிவிட்டார். நீங்கள் இன்னும் சொல்லவில்லை.